ஒரு சிறுகுறை தேவை

லாட்ஜ்காரருக்கு வந்த நோட்டீஸில், அவருடைய லாட்ஜ் ‘உணர்வு வறட்சிப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது. வறட்சி என்ற சொல்லைப் பார்த்ததுமே மனிதர் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கக் கீழே இறங்கி வந்து, மிச்சத்தையும் படிக்கச் சொல்லி மச்சானிடம் காகிதத்தை நீட்டினார்.

மச்சான் என்பவர் அவர் மனைவியின் தம்பி. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவர், தலைமுடி கொட்டி முடிகிற வரைக்கும் தங்கிவிட்டார். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் அவர் பொறுப்பு. மற்ற எதுவும் அவர் பொறுப்பில்லை.

“மாமா, இது தண்ணி சமாச்சாரம் இல்ல. நம்ம லாட்ஜைப் பத்தி வெப்சைட்ல ஆளுங்க எழுதறாங்கல்ல, அந்த எழுத்துல உணர்ச்சி பத்தலையாம்.”

“எழுதினது யாரு?”

“தங்கிட்டுப் போனவங்க.”

“அப்ப நோட்டீஸ் அவங்களுக்குத்தானே போகணும்?”

“அவங்க ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயிட்டாங்க. நாமதான ஓடாம இங்கயே உக்காந்திருக்கோம்?”

ஓடியிருக்கலாமோ என்றுகூட லாட்ஜ்காரருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற லாட்ஜ் அது. அறைக்கு ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு குளியலறை, துவைத்த விரிப்பு. வருகிறவர்கள் லாரி டிரைவர்கள், பரீட்சை எழுத வந்தவர்கள், கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்தவர்கள், பை தூக்கும் விற்பனை ரெப்புகள். வருவார்கள், தூங்குவார்கள், போவார்கள். முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் தலையை நிமிர்த்தி போர்டைப் பார்த்தார்கள். இப்போது போனைப் பார்த்துக்கொண்டேதான் இறங்குகிறார்கள். போனில் இல்லாத லாட்ஜ் தெருவிலும் இல்லை. போனில் இருக்க வேண்டுமென்றால் பயண மதிப்புரை மொழித்தர ஆணையத்தின் சான்று வேண்டும். நோட்டீஸ் அனுப்பியதும் அந்த ஆணையம்தான். சான்று போனால் ஆட்கள் வரமாட்டார்கள். ஆள் வராவிட்டால் லாட்ஜை மூட வேண்டியதுதான். லாட்ஜ்காரரும் மனைவியும் குடியிருந்ததே மாடியில் கோடி அறையில். வேறு வீடு கிடையாது, வேறு தொழிலும் தெரியாது.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று மனைவி கேட்டாள். மச்சான் திரையைத் திருப்பிக் காட்டினார். நட்சத்திரங்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாரும் ஐந்துக்கு ஐந்து. சொற்களுக்குத்தான் பஞ்சம்.

‘தூங்கினேன்.’

‘நன்றாகத் தூங்கினேன்.’

‘தூங்கிவிட்டதால் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போனேன்.’

மாதாமாதம் வருகிற பல்செட் ரெப் ஒருவர் உண்டு. எப்போதும் மூன்றாம் நம்பர் அறைதான் கேட்பார் என்பதால் அவருக்கு மூணாம் நம்பர் என்றே பெயராகிவிட்டது. அவர் எழுதியிருந்தது: ‘மறுபடியும் தூங்கினேன்.’

“இதுக்கு மேல என்ன எழுதணுமாம்?” என்றாள் மனைவி. “லாட்ஜுக்கு வந்தவன் தூங்காம என்ன, தேர்தல்லயா நிப்பான்?”

மறுநாள் லாட்ஜ்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆணையத்துக்குப் போனார்.

ஆணையத்தின் வாசலில் நின்ற காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வருக! படிக்கட்டு சற்றே செங்குத்தானதுதான். ஆனால் ஏறி முடித்ததும் கிடைக்கும் நிம்மதிக்கு ஈடு இணையே இல்லை!” என்றார். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்து லாட்ஜ்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. மாடியில் கழிப்பறை எங்கே என்று கேட்டதற்குக் கடைநிலை ஊழியர் ஒருவர், “அதிகம் பேர் அறியாத பொக்கிஷம் அது. வலதுபக்கம் திரும்பி நடந்துகொண்டே இருங்கள், குடும்பத்துடன் செல்ல ஏற்ற இடம்!” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். லாட்ஜ்காரர் தனியாகவே போய்விட்டு வந்தார்.

காத்திருப்போர் அறையில் உட்கார்ந்தவரிடம் ஒரு பெண் கையில் கருவியோடு வந்து, “காத்திருப்பு அனுபவம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டாள்.

“காத்திருக்கேங்க.”

“அவ்வளவுதானா?”

“நீங்க கூப்பிடற வரைக்கும் அவ்வளவுதான்.”

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டு போனாள். வறட்சி லாட்ஜிலிருந்து மட்டும் வரவில்லை, லாட்ஜ்காரரிடமிருந்தே வருகிறது என்று அப்போதே கோப்பில் ஏறிவிட்டது.

மொழித்தர அதிகாரியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் கன்னம் வரை இறங்கியிருந்தது. மனிதர் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் என்று லாட்ஜ்காரர் பார்த்த மாத்திரத்தில் கணித்தார். தொழில் புத்தி, வேறென்ன?

“உக்காருங்க. உங்க மதிப்புரை எல்லாத்தையும் படிச்சேன். படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல” என்றார் அதிகாரி.

“யாராவது தப்பா எழுதிட்டாங்களா சார்?”

“தப்பா எழுதியிருந்தா பரவாயில்லையே! மொழி இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. ஒரு ‘ஆஹா’ கிடையாது, ஒரு ஆச்சரியக்குறி கிடையாது. எல்லாரும் ‘நான்’, ‘நான்’னு எழுதறாங்க. ‘நாங்கள்’னு எழுதணும்ங்க. அப்பதான் ஒரு குதூகலம் வரும்.”

“ஒத்தையா வர்ற லாரி டிரைவர் ‘நாங்கள் தங்கினோம்’னு எழுதினா, கூடத் தங்கினது யாருன்னு வீட்ல கேக்க மாட்டாங்களா சார்?”

“அது எங்க துறையில வராது.”

பிறகு அதிகாரி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “‘பயணக் களைப்பில் துவண்டு வந்த எங்களைத் தாய்மடியாய் அணைத்துக்கொண்டது அந்த வரவேற்பறை! ஜன்னலைத் திறந்தால் கண்கொள்ளாக் காட்சி! புன்னகை மாறாத ஊழியர்கள்! ஒரே ஒரு குறை, காபி சற்றே ஆறியிருந்தது. ஆனாலும் பிரிய மனமின்றிப் பிரிந்தோம். கண்டிப்பாக மீண்டும் வருவோம்!’ எப்படி?”

“ரொம்ப நல்லா இருக்கு சார். எந்த ஓட்டல்?”

“எந்த ஓட்டலும் இல்ல. நானே எழுதினது. மாதிரி மதிப்புரை.”

“தங்காமயேவா?”

அதிகாரி சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. “தங்கிட்டா நடந்ததெல்லாம் குறுக்க வந்து நிக்குங்க. மொழி சுத்தமா வராது. இருபது வருஷமா நான் இந்த ஊரை விட்டு வெளியில போனதில்ல. போக நேரம் ஏது? மதிப்புரை படிக்கவே நேரம் பத்தல.”

அடுத்துத்தான் அவர் விஷயத்துக்கு வந்தார். மதிப்புரை என்றால் அதில் மூன்று இருக்க வேண்டும்: வியப்பு, நெகிழ்ச்சி, சிறுகுறை. முதலிரண்டுகூடக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். சிறுகுறை இல்லாவிட்டால் ஆணையம் மன்னிக்கவே மன்னிக்காது.

“உங்க லாட்ஜ்ல என்ன குறை?”

“ஒண்ணும் இல்லீங்க சார்” என்றார் லாட்ஜ்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

அதிகாரி கோப்பை மெதுவாக மூடினார். “அதான் பிரச்சினை. குறையே இல்லாத இடம்னா ஒண்ணு பொய்யா இருக்கணும், இல்ல சொர்க்கமா இருக்கணும். சொர்க்கம் எங்ககிட்ட பதிவு பண்ணல. படிக்கறவன் எதை வெச்சு நம்புவான்? ‘திரைச்சீலை கொஞ்சம் குட்டை’ன்னு ஒருத்தன் எழுதினாத்தான், ‘அட, உண்மையைச் சொல்றான்யா’ன்னு நம்புவான். பெரிய குறை வேண்டாம், ஓட்டல் பேரு கெட்டுடும். சின்னதா ஒண்ணு. அடுத்த மாசத்துக்குள்ள ஏற்பாடு பண்ணுங்க. இல்லேன்னா சான்றை ரத்து பண்ண வேண்டி வரும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்.”

தெருவுக்கு வந்த பிறகுதான் லாட்ஜ்காரருக்கு விஷயம் முழுசாக உறைத்தது. வாழ்நாள் முழுக்கக் குறை வராமல் பார்த்துக்கொண்ட மனிதருக்கு, ஒரு குறையை எங்கே போய் வாங்குவது என்று புரியவில்லை.

முதலில் ஐந்தாம் நம்பர் அறைக் குழாயைச் சொட்ட வைக்கலாம் என்று முடிவாயிற்று. லாட்ஜ்காரர் குழாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மச்சான் டார்ச் பிடித்தார். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“நல்லா இருக்கற குழாயைக் கெடுக்க ஒரு ஆம்பளை. அதுக்கு வெளிச்சம் காட்ட இன்னொரு ஆம்பளை. எங்கப்பா இருந்திருந்தா கண் குளிரப் பாத்திருப்பாரு.”

“சும்மா இரு. சான்று போனா நாமளும் போகணும்.”

குழாய் சொட்டத் தொடங்கியது. அன்றைக்கு அந்த அறைக்கு வந்தவர் ஒரு பைப் பிட்டர். காலையில் அவர் எழுதிவிட்டுப் போனது: ‘குழாய் சொட்டியது. சரிசெய்துவிட்டுத் தூங்கினேன்.’ அதற்கு ஆணையம், ‘இது குறை அல்ல, பணி அறிக்கை’ என்று பதில் போட்டது. அடுத்து ஏழாம் நம்பரில் திரைச்சீலையை ஒரு சாண் வெட்டிக் குட்டையாக்கினார்கள். ‘திரை குட்டை. சட்டையைத் தொங்கவிட்டேன். தூங்கினேன்’ என்று வந்தது. எதைக் கெடுத்தாலும் தூங்கிவிடுகிற ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்!

சரி, குறை வராவிட்டால் போகட்டும், நெகிழ்ச்சியையாவது கொண்டு வரலாம் என்றார் மச்சான். வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் நின்று கைகூப்பி, கண் கலங்க வரவேற்பது என்று திட்டம். அந்த வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். வெங்காயம் உதவியது. முதலில் வந்து இறங்கிய லாரி டிரைவர் மச்சானின் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “எப்ப எடுக்கறீங்க?” என்று கேட்டார். மச்சானால் பதில் சொல்ல முடியவில்லை. வெங்காயம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. காலையில் டிரைவர் எழுதியது: ‘வாசலில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. தூங்கினேன்.’

அறை பெருக்குகிற அம்மாவிடம் புன்னகை மாறாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த அம்மா, “யாரைப் பாத்து?” என்று கேட்டாள். எல்லாரையும் பார்த்து என்றார்கள். “எல்லாரையும் பாத்துச் சிரிச்சா என்னைப் பைத்தியக்காரின்னு நெனைப்பாங்க. நீங்க வேணும்னா சிரிங்க” என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கெடு நெருங்கியது. லாட்ஜ்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்ற பயம்தான். “வெளிய போன்னு சொன்னா எங்கடி போவோம்?” என்று மனைவியிடம் கேட்டார். அவள் சண்டைக்காரிதான், ஆனால் அன்றைக்கு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

கடைசி வாய்ப்பாக அதிகாரியே நேரில் வந்தார். ஓர் இரவு தங்கி, அந்த லாட்ஜுக்கென்று ஒரு மாதிரி மதிப்புரையை அவரே எழுதுவார்; அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதப் பழக வேண்டும்; அப்படியும் தேறாவிட்டால் சான்று ரத்து. மூன்றாம் நம்பர் அறையை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் முதல் காரியமாக ஜன்னலைத் திறந்தார்.

“இங்க கண்கொள்ளாக் காட்சி எது?”

“இந்தப் பக்கம் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் சார்.”

“சுவர்ல என்ன இருக்கு?”

லாட்ஜ்காரர் எட்டிப் பார்த்தார். “சுவர்தான் இருக்கு.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கப் போன மனைவி, அவர் கண்ணைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். “நீங்க சரியாத் தூங்கறதில்லையா?”

“தூக்கமா? படுத்தா உரிச்சொல்லா வரிசை கட்டி வருதும்மா. வீட்ல குழம்பு எப்படி இருக்குன்னு கேப்பா. நான் ஆரம்பிச்சா முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். முடிக்கறதுக்குள்ள அவ தூங்கிடுவா. நான் மட்டும் முழிச்சிட்டு இருப்பேன்.”

“ஐயோ பாவம்” என்றாள் அவள், மனசாரவே. விரிப்பை உதறிப் போட்டு, மின்விசிறியைச் சுழல விட்டு, “ஒண்ணும் யோசிக்காதீங்க. படுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

காலையில் அந்த அறையிலிருந்து சத்தமே இல்லை. டீ ஆறிப்போய் இரண்டாம் டீ போட்டார்கள். அதுவும் ஆறியது. மச்சான் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “மாமா, குறட்டை” என்றார். மதியத்துக்கு மேல் அதிகாரி வெளியே வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. பின்தலை முடி நட்டுக்கொண்டு நின்றது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பில் பாதியைக் காணோம். வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாம் டீயைக் குடித்தார். போனை எடுத்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ எழுதுவார், அழிப்பார், கூரையைப் பார்ப்பார். கடைசியில் எதையோ அனுப்பிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறப் போய்விட்டார்.

மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் தலையை முட்டிக்கொண்டு குனிந்தார்கள்.

‘தூங்கினேன்.’

“போச்சு” என்றார் லாட்ஜ்காரர்.

போகவில்லை. ஆணையம் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. அந்த ஒற்றைச் சொல்லை ஒரு லாரி டிரைவர் எழுதினால் அது வறட்சி. ஆணையத்தின் அதிகாரியே எழுதிவிட்டால்? ஆணையம் தவறு செய்யாது என்பது ஆணையத்தின் முதல் விதி. ஆகவே தவறு விதிகளில்தான் இருக்க வேண்டும் என்று அவசரக் கூட்டம் கூட்டினார்கள். லாட்ஜ்காரரையும் வரச் சொல்லி ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். ஆணையத் தலைவர் எழுந்தார்.

“நண்பர்களே! முப்பது ஆண்டுகளாக நாம் சொற்களைப் பெருக்கினோம். எதற்காக? ஒரு நாள் அவை அனைத்தையும் கடந்து செல்வதற்காக! ‘தூங்கினேன்.’ ஆஹா! இதில் வியப்பு இல்லையா? நெகிழ்ச்சி இல்லையா? இருக்கிறது, தெரியாத அளவுக்கு இருக்கிறது! இந்தச் சொல்லை இந்த எளிய மனிதரின் லாட்ஜில் பலர் ஏற்கெனவே எழுதியிருந்தார்களாம். ஆனால் அவர்கள் தூங்கியதால் எழுதினார்கள். நம் அதிகாரியோ ஆய்வு செய்து எழுதினார். இரண்டும் ஒன்றாகுமா? நானும் என் நேர்மையைச் சொல்லிவிடுகிறேன். இதுநாள் வரை எந்த லாட்ஜிலும் நான் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. அந்த நடுநிலைமைதான் எனக்கு இந்தப் பதவியைத் தந்தது!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஒற்றைச்சொல் மதிப்புரையே உயர்ந்தது என்று புதிய விதி வந்தது. அதிகாரி தூக்கப் பிரிவு இயக்குநராக உயர்த்தப்பட்டார். லாட்ஜுக்கு ‘தூக்க அனுபவ மையம்’ என்று பித்தளைப் பலகை கொடுத்தார்கள். பலகையைக் கையில் கொடுக்கும்போது தலைவர் லாட்ஜ்காரரின் காதருகே குனிந்து, “சிறுகுறை மட்டும் இன்னும் வரல, கவனிச்சுக்குங்க. அது வந்தா முதல் தரம்தான்” என்றார்.

லாட்ஜ் பிழைத்தது. மனைவி வாசலில் பலகையை மாட்டியபோது லாட்ஜ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் கிடையாது, நிஜமாகவே.

அடுத்த வாரத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட ஜனங்கள்! சக்கரம் வைத்த பெட்டி, தோளில் கேமரா, போனை நிறுத்த ஒரு முக்காலி. கட்டிலைப் படம் பிடித்தார்கள். மின்விசிறியைக் கீழே படுத்துக்கொண்டு படம் பிடித்தார்கள். பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்து “அப்பா, என்ன ஒரு எளிமை!” என்றார்கள். அறை பெருக்குகிற அம்மாவின் சிரிக்காத முகத்தோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அறைக்குள் நுழைந்த உடனே, படுப்பதற்கு முன்னாலேயே, ‘தூங்கினேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். சிலர் பஸ்ஸிலிருந்தே அனுப்பிவிட்டு வந்தார்கள். அனுப்பிய பிறகு விடிய விடிய உட்கார்ந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் கொட்டாவி விட்டால் மற்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவராவது தூங்க வேண்டுமே! ஊஹூம்.

மச்சான் உற்சாகத்தில் ‘உரிமையாளர் அறையில் ஓர் இரவு’ என்று கோடி அறையையும் தளத்தில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்பதற்குள் ஆள் வந்துவிட்டது. லாட்ஜ்காரரும் மனைவியும் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் பாயை விரித்துப் படுத்தார்கள். தலைக்கு மேலே பெட்டிகள் உருண்டன. பஸ் ஸ்டாண்ட் இரைச்சலிலேயே வளர்ந்த மனிதர் அவர். அந்தக் கைதட்டலில் அவருக்குக் கண் மூடவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கத் தொடங்கியது.

மாதம் பிறந்ததும் மூணாம் நம்பர் பல்செட் பையோடு வந்து நின்றார்.

“ரூம் இல்லண்ணே” என்றார் லாட்ஜ்காரர். சொல்லும்போதே நாக்கு கூசியது.

“மூணு இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல. மாப்பு பண்ணிக்குங்க. பழைய ஆளுங்க யாருக்குமே கொடுக்க முடியல.”

மூணாம் நம்பர் அவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் லாட்ஜ்காரருக்குப் பொறுக்கவில்லை. “பரவால்ல. இந்தப் பெஞ்சு போதும்” என்று பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தார். லாட்ஜிலேயே அன்றைக்குத் தூங்கியவர் அவர் ஒருவர்தான். காலையில், ‘இடமில்லை. பெஞ்சில் தூங்கினேன்’ என்று எழுதினார். ஆணையம் அதை நீக்கிவிட்டது. காரணமும் கொடுத்திருந்தது: கடைசிச் சொல், இயக்குநருடைய படைப்பின் நகல்; தனியாக எழுதினால்தான் அது மரியாதை.

லாட்ஜ்காரர் அதைப் படித்தார். பிறகு சலவைச் சட்டையை எடுத்து மாட்டினார்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் மனைவி.

“அந்தப் பட்டியல்லேர்ந்து நம்ம பேரை எடுக்கச் சொல்லப் போறேன்.”

“எடுத்தா ஆள் வராதுன்னீங்க?”

“வர்றவன் ரெண்டு பேரா இருந்தாலும் தூங்கறவனா வரட்டும்டி. போர்டைப் பாத்து வர்றவன் வரட்டும்.”

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

இயக்குநருடைய அறை முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. கருவளையமும்தான். லாட்ஜ்காரர் வந்த விஷயத்தைச் சொன்னார். பெயரை நீக்கக் கேட்கிறவர் அதையும் மதிப்புரையாகவே எழுதித் தர வேண்டும் என்றும், உரிமையாளர்கள் தங்கள் சொந்த லாட்ஜைப் பற்றி எழுதலாம் என்று போன வாரம்தான் விதி மாறியது என்றும் இயக்குநர் சொன்னார். லாட்ஜ்காரர் படிவத்தை வாங்கி எழுதினார். யோசிக்கவே இல்லை. மனசில் இருந்ததை அப்படியே எழுதினார்:

‘இங்கே இப்போது யாரும் தூங்குவதில்லை.’

இயக்குநர் படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“சார்! சிறுகுறை! எவ்வளவு இயல்பா வந்திருக்கு பாருங்க! உங்ககிட்ட எத்தனை நாளா இதைத்தானே கேட்டேன்!” அவர் முத்திரையைத் தேடி எடுத்து ஓங்கிக் குத்தினார். “முதல் தரம்! வாழ்த்துகள்!”

“சார், நான் பேரை எடுக்கச் சொல்லி வந்திருக்கேன்.”

“குறை இல்லாதப்ப கேட்டிருந்தா எடுத்திருக்கலாம். இப்பத்தான் நம்பகமான லாட்ஜ் ஆகிட்டீங்களே. நம்பகமான லாட்ஜை எப்படிங்க எடுக்கறது? படிக்கறவங்களுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?”

லாட்ஜ்காரர் எழுந்து நடந்தார். கதவு வரைக்கும் வந்துவிட்டவரை இயக்குநர் பின்னாலேயே வந்து பிடித்தார். இருபுறமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். உரிச்சொல் ஒன்றுகூட இல்லாமல் பேசினார்.

“ஒரு ரூம் கிடைக்குமா? ஒரு நாள் போதும். அன்னிக்கு உங்க லாட்ஜ்ல தூங்கினதோட சரி.”

“இல்லீங்களே சார்” என்றார் லாட்ஜ்காரர். அவருக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

லாட்ஜுக்குத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். முதல் தரச் செய்தி அவருக்கு முன்னாலேயே போனில் வந்து சேர்ந்துவிட்டதால், தெருமுனை வரைக்கும் பெட்டிகளோடு வரிசை நின்றது. மச்சான் அவர்களுக்குச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி மேஜைக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“குறை ரொம்ப நல்லா இருக்காம்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாடியில் யாரோ கொட்டாவி விட்டிருக்க வேண்டும். கைதட்டல் இடிபோல இறங்கியது. பெஞ்சில் சாய்ந்திருந்த மூணாம் நம்பர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். பெஞ்சிலும் இனிமேல் தூங்க முடியாது என்று அவருக்கும் விளங்கிவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அண்ணே, நான் வரேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால போனா, போன்ல இல்லாத லாட்ஜ் ஏதாவது இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. தேடிப் பாக்கறேன்.”

லாட்ஜ்காரர் வாசல் வரைக்கும் அவரோடு போனார். வரிசையில் நின்றவர்கள் காதில் விழாதபடி, பித்தளைப் பலகைக்கு அடியில் நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கெடைச்சா, எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ரூம் சொல்லி வெச்சுடுங்கண்ணே.”